பேய் வேஷமும் இங்கிலீஷ் கிளாஸும்

அக்டோபர் கடைசி வாரம். ஆயுத பூஜைப் பொரி தீர்ந்துபோய், தீபாவளி பட்ஜெட்டில் மண்டை காய்ந்துகொண்டிருக்கிற நேரம். பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் வந்து விழும். ‘வெள்ளிக்கிழமை குழந்தைகள் கறுப்பு, ஆரஞ்சு நிற உடையில் வரவும். பேய், சூனியக்காரி வேஷம் என்றால் இன்னும் நல்லது!’

ஆர்.எஸ்.புரமோ, சரவணம்பட்டியோ, கோவையின் சில பள்ளிகளில் இப்போது இது சகஜம். “ஏனுங்க, நல்ல நாளும் அதுவுமா புள்ளைக்குப் பேய் வேஷம் போட்டு அனுப்பறதா?” என்று அமுச்சி புலம்புவார். மருமகளோ ஆன்லைனில் கூம்புத் தொப்பி தேடிக்கொண்டிருப்பார். வாத்தியாரம்மா சொல்லும் காரணம் ஒன்றுதான். “விளையாட்டா இங்கிலீஷ் வந்துரும் பாருங்க!”

பேய்க்கும் இங்கிலீஷுக்கும் என்ன சம்பந்தம்? முடிச்சு விழுந்த இடத்தைத் தேடினால், நாம் போய் நிற்பது லண்டனிலோ நியூயார்க்கிலோ அல்ல... ஜப்பானில்! இந்தப் பாடத்தை நமக்கு முன்னால் படித்தவர்கள் அவர்கள்தான். கொஞ்சம் கூடுதலாகவே ஃபீஸ் கட்டிப் படித்தார்கள்.

முதலில் ஹாலோவீனின் ஜாதகத்தைப் பார்த்துவிடுவோம். சொந்த ஊர் அயர்லாந்து. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளை ‘சௌவின்’ என்று கொண்டாடினார்கள். அன்று செத்தவர்களின் உலகத்துக்கும் நம் உலகத்துக்கும் நடுவிலிருக்கும் கதவு திறந்துகொள்ளும் என்பது நம்பிக்கை. பிறகு கிறிஸ்தவம் வந்தது. நவம்பர் 1-ம் தேதி அனைத்துப் புனிதர்கள் நாள் ஆனது. அதற்கு முந்தின ராத்திரிதான் ஹாலோவீன்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஏழைகள் வீடு வீடாகப் போவார்கள். ‘உங்கள் வீட்டில் செத்துப்போனவர்களுக்காக ஜெபம் பண்ணுகிறோம்’ என்று சொல்லி, அதற்குக் கூலியாக ஒரு சின்ன கேக் வாங்கிக்கொள்வார்கள்.

வீடு வீடாகப் போய் வாங்குவது என்றதும் நம்ம பக்கத்துப் பெரியவர்களுக்கு ஒன்று ஞாபகம் வரும். மழை பொய்த்துப்போன வருஷங்களில் கொங்கு கிராமங்களில் நடக்கும் மழைச்சோறு! பெண்களும் குழந்தைகளும் வீட்டுக்கு வீடு போய்ச் சோறு வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து, பொது இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பண்ணாடி வீட்டுச் சோறும் பண்ணையாள் வீட்டுச் சோறும் ஒரே பாத்திரத்தில். ‘ஊரே பிச்சை எடுக்குது, வானமே இரங்கு’ என்பதுதான் அதன் அர்த்தம். அங்கே செத்தவர்களுக்காக, இங்கே மழைக்காக. தட்டியது என்னவோ ஒரே மாதிரிக் கதவுகளைத்தான்.

1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகியது. அடுத்த சில வருஷங்களில் 10 லட்சம் பேர் பஞ்சத்தில் செத்தார்கள். அதைவிட அதிகமானவர்கள் கப்பல் ஏறினார்கள். அப்படி அமெரிக்காவுக்குப் போனவர்களின் மூட்டை முடிச்சோடு ஹாலோவீனும் போனது. ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்களுக்கு அங்கே பெரிய பெரிய பரங்கிக்காய் கிடைத்தது. குடைவதும் சுலபம்! 20-ம் நூற்றாண்டில் அது குழந்தைகள் மிட்டாய் வாங்கும் ராத்திரியாக மாறியது. ‘ட்ரிக் ஆர் ட்ரீட்!’ மிட்டாய் கொடு, இல்லாவிட்டால் குறும்பு பண்ணுவேன். இரண்டாம் உலகப்போரில் சர்க்கரைக்கு ரேஷன் வந்தபோது கொஞ்சம் அடங்கியது. போர் முடிந்ததும் மிட்டாய்க் கம்பெனிகள் விடுவார்களா? பேய், பேலன்ஸ் ஷீட்டுக்குள் புகுந்துவிட்டது.

சரி, ஜப்பானுக்கு வருவோம். இங்கே உங்களுக்கு ஒரு ஒற்றைக்கண் வாத்தியாரை அறிமுகப்படுத்த வேண்டும்.

பெயர் லாஃப்காடியோ ஹெர்ன். 1850-ல் கிரேக்கத் தீவு ஒன்றில் பிறந்தவர். அம்மா கிரேக்கப் பெண். அப்பா அயர்லாந்துக்காரர், ராணுவ டாக்டர். இரண்டு வயதில் டப்ளினுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கே உறவினர் வீட்டில் வளர்ந்தார். ஆமாம், ஹாலோவீன் பிறந்த அதே அயர்லாந்து! பள்ளிக்கூட விளையாட்டில் அடிபட்டு இடது கண் பார்வை போனது. 19 வயதில், கையில் காசில்லாமல் அமெரிக்கா. சின்சினாட்டியில் பத்திரிகை நிருபர் வேலை. பிறகு லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் 10 வருஷம். இந்த லூசியானாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் அங்கே போகவேண்டியிருக்கும்.

1884-ல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு பிரமாண்டமான பருத்திக் கண்காட்சி. பருத்தி என்றால் நமக்கும் பாத்தியதை உண்டு. அதற்கு 40 வருஷம் முன்னாலேயே அமெரிக்கப் பருத்தியைக் கோவையில் விளைவித்துப் பார்க்க கிழக்கிந்தியக் கம்பெனி முயற்சி செய்தது. அமெரிக்கத் தென் மாநிலங்களிலிருந்து தோட்டக்காரர்களை வரவழைத்தார்கள். மேற்பார்வை பார்த்தவர் தாவரவியல் மேதை ராபர்ட் வைட். கோவைக்கும் அமெரிக்கத் தெற்குக்கும் நூல் பிடித்தது அப்போதே!

கண்காட்சியில் ஹெர்னை இழுத்துப் பிடித்தது ஜப்பான் அரங்கு. ஜப்பான் அரசின் சார்பில் அதைக் கவனித்துக்கொண்டவர் இச்சிஸோ ஹட்டோரி என்ற அதிகாரி. இருவரும் பழக்கமானார்கள். 1890-ல் ஹெர்ன் ஜப்பானில் போய் இறங்கி வேலை தேடியபோது, அதே ஹட்டோரி கல்வித்துறையில் இருந்தார். அவர் உதவியோடு மாட்சுயே என்ற சின்ன ஊரில் இங்கிலீஷ் வாத்தியார் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 100 யென். அந்த ஊருக்கு அது ராஜ சம்பளம்.

அது மெய்ஜி காலம். ‘ஐரோப்பாவை எட்டிப் பிடிக்கவேண்டும்’ என்று ஜப்பான் வெறியோடு ஓடிய காலம். ரயில் போட, கப்பல் கட்ட, சட்டம் எழுத, பாடம் நடத்த... எல்லாவற்றுக்கும் வெளிநாட்டவர்களைக் கைநிறையச் சம்பளம் கொடுத்துக் கூப்பிட்டார்கள். வந்தவர்களில் பலர் ‘நாம் கற்றுத்தர வந்திருக்கிறோம்’ என்று தலையை நிமிர்த்திக்கொண்டு வந்தார்கள். ஹெர்ன் கற்றுக்கொள்ளவும் வந்தார்.

நொடித்துப்போன சாமுராய் குடும்பத்துப் பெண் செட்சுவைக் கல்யாணம் செய்துகொண்டார். அவருக்கு ஜப்பானிய மொழி சரியாக வராது. அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. இலக்கணத்தையெல்லாம் உதறிவிட்டு, வீட்டுக்குள்ளேயே ஓர் அரைகுறை ஜப்பானிய மொழியை உருவாக்கிக்கொண்டார்கள். அந்த மொழியில் இருவரும் ராத்திரியில் என்ன பேசினார்கள் தெரியுமா? பேய்க்கதை! விளக்கைச் சின்னதாக்கிவிட்டு, செட்சு சொல்லச் சொல்ல ஹெர்ன் நடுங்கிக்கொண்டே கேட்பார். புத்தகத்தைப் பார்த்து வாசித்தால் அவருக்குப் பிடிக்காது. “உன் வார்த்தையில் சொல்” என்பார். அப்படிக் கேட்ட கதைகள்தான் 1904-ல் வெளியான ‘க்வைதான்’ என்ற புத்தகத்தின் உயிர். 1896-லேயே ஜப்பான் குடிமகனாகி, கொய்சுமி யகுமோ என்று பெயரையும் மாற்றிக்கொண்டார். இன்றைக்கும் ஜப்பானியர்கள் தங்கள் பழைய பேய்க்கதைகளை நினைத்தால், இந்த அயர்லாந்துப் பின்னணி கொண்ட வாத்தியாரையும் சேர்த்தே நினைக்கிறார்கள். 2025-ல் அவர் மனைவியின் வாழ்க்கையை அடிப்படையாக வைத்து ஜப்பானின் என்.ஹெச்.கே. தொலைக்காட்சி காலை நேரத் தொடரே எடுத்தது.

கவனித்தீர்களா? ஹாலோவீன் ஊரில் வளர்ந்த வாத்தியார் ஜப்பானுக்குப் பேயைக் கொண்டுபோகவில்லை. அங்கே இருந்த பேயைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். இருக்காதா பின்னே? ஜப்பானில் ‘ஓபோன்’ என்று ஒரு திருநாள் உண்டு. பெரும்பாலான இடங்களில் ஆகஸ்ட் மாத நடுவில். செத்துப்போன முன்னோர்கள் அன்று வீட்டுக்கு வருவார்கள். விளக்கேற்றி வரவேற்று, சாப்பாடு படைத்து, திரும்ப வழியனுப்புவார்கள். சில ஊர்களில் விளக்கை ஆற்றில் மிதக்க விடுவார்கள். ஆடி அமாவாசைக்குப் பேரூர் நொய்யல் கரையிலும் பவானி கூடுதுறையிலும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஹெர்ன் காலத்துக்கு அப்புறம் காட்சி மாறியது. போர், குண்டுவீச்சு, தோல்வி, பிறகு அசுர வளர்ச்சி. உலகச் சந்தையில் சரக்கு விற்க இங்கிலீஷ் தேவைப்பட்டது. ஆறு வருஷம் பள்ளியில் படித்தும் ஒரு வாக்கியம் பேச வரவில்லை என்பது ஜப்பானியர்களின் நிரந்தரக் குறை. (இங்கே நாம் சிரிக்கக்கூடாது!) 1987-ல் அரசாங்கமே ‘ஜெட்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து ஆகிய நான்கு நாடுகளிலிருந்து முதல் வருஷம் 848 இளைஞர்கள் வந்தார்கள். இன்னொரு பக்கம் தனியார் பேச்சு இங்கிலீஷ் பள்ளிகள், ரயில்வே ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் முளைத்தன.

வந்தவர்கள் காலேஜ் முடித்த கையோடு வந்த 22, 23 வயதுப் பிள்ளைகள். 30 குழந்தைகளை எப்படிப் பேசவைப்பது? கையில் கிடைத்தது ஹாலோவீன்.

யோசித்துப் பாருங்கள், வகுப்பறைக்கென்றே அளவெடுத்துத் தைத்த பண்டிகை அது. கிறிஸ்துமஸ் என்றால் மதம் வரும். ஹாலோவீன், ஜப்பானில் யாருடைய சாமியும் இல்லை. மொத்த வசனமே மூன்று வார்த்தை. மூன்று வயதுக் குழந்தையும் சொல்லிவிடும். சொன்ன அடுத்த விநாடி கையில் மிட்டாய்! மொழி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல நிரூபணம் உண்டா? கறுப்பு, ஆரஞ்சு, பூனை, வௌவால், எலும்புக்கூடு என்று 20 வார்த்தை ஓசைப்படாமல் உள்ளே போய்விடும். அம்மாக்களுக்குப் போட்டோ. பள்ளிக்கு விளம்பரம்.

வாத்தியார் பாடு? கறுப்புக் காகிதத்தில் வௌவால் வெட்டவேண்டும். தலையில் கூம்புத் தொப்பி வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்கவேண்டும். தட்டுகிற ஒவ்வொரு குழந்தைக்கும், முதல் தடவை பார்ப்பதுபோலப் பயந்து காட்டவேண்டும். நான்காவது முறையாக வரும் குழந்தைக்கும்தான்! வேலை ஒப்பந்தத்தில் ‘பேய்’ என்று எங்கும் எழுதியிருக்காது.

வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? கோடைக்கும் கிறிஸ்துமஸுக்கும் நடுவில் கல்லா காய்ந்து கிடக்கும் மாதம் அக்டோபர். ஹராஜுகுவில் உள்ள ‘கிட்டிலாண்ட்’ பொம்மைக் கடை 1983-லேயே ஹாலோவீன் ஊர்வலம் நடத்தியது. 1997-ல் டோக்கியோ டிஸ்னிலாண்ட் களத்தில் இறங்கியது. அதற்கப்புறம் பரங்கிக்காய் இல்லாத கடை இல்லை.

ஆனால், பேச்சு இங்கிலீஷ் கடைகளின் கணக்குப் புத்தகத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அங்கே மிகப்பெரிய கம்பெனி ‘நோவா’. 900-க்கும் மேற்பட்ட கிளைகள். மாணவர்களிடம் வருஷக்கணக்கான பாடத்துக்கு மொத்தமாக முன்பணம் வாங்கிவிடுவார்கள். காமர்ஸ் படித்த யாரும் சொல்வார்கள்... முன்பணம் என்பது வருமானம் அல்ல, கடன். பாடம் நடத்தி முடித்தால்தான் அது உங்கள் காசு. அந்தக் காசில் புதுக் கிளை திறந்துகொண்டே போனால்? ஈமுக் கோழி பார்த்த நம்ம ஊருக்கு மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2007 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாணவர் பக்கம் நின்றது. அக்டோபர் 26-ம் தேதி கம்பெனி கோர்ட்டில் கையை விரித்தது. ஹாலோவீனுக்கு ஐந்தே நாள்!

ஆயிரக்கணக்கான வெளிநாட்டு வாத்தியார்களுக்குச் சம்பளம் வரவில்லை. சிலருக்குக் கம்பெனி கொடுத்த வீடும் போய்விடும் நிலை. அப்போது தொழிற்சங்கம் ஓர் ஏற்பாடு செய்தது. ‘பாடம் சொல்லித் தருகிறோம், சாப்பாடு போடுங்கள்.’ ஜப்பானியக் குடும்பங்கள் சோறு போட்டன. இடைக்கால இங்கிலாந்தின் ஜெபத்துக்குக் கேக், நம்ம ஊர் மழைச்சோறு, ஹாலோவீன் மிட்டாய்... எல்லாம் அந்த ஒரு வாரத்தில் ஒன்றாகிப்போனது. இந்தத் தடவை கதவைத் தட்டியது வாத்தியார்.

இப்போது லூசியானாவுக்குத் திரும்புவோம். சிரிப்பை இங்கேயே இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

யோஷிஹிரோ ஹட்டோரி. நகோயா நகரத்துப் பையன். 16 வயது. ரக்பி ஆடுவான், நடனம் என்றால் உயிர். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் 1992 ஆகஸ்டில் லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரத்துக்கு வந்தான். ஹெர்ன் வாழ்ந்த நியூ ஆர்லியன்ஸிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேர கார் பயண தூரம். ஹெர்னுக்கு வேலை வாங்கிக் கொடுத்த அதிகாரியின் பெயரும் ஹட்டோரிதான். ஜப்பானில் அது பரவலான குடும்பப் பெயர். ஆனாலும் மனசு ஒரு நிமிஷம் நின்றுபோகிறது.

1992 அக்டோபர் 17. சனிக்கிழமை ராத்திரி. ஹாலோவீன் விருந்துக்குக் கிளம்பினான். ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ படத்து ஜான் ட்ரவோல்டா மாதிரி வெள்ளை கோட். கூடவே, அவன் தங்கியிருந்த வீட்டுப் பையன். வீட்டு எண் இடம் மாறிப்போனது. அதே தெருவில் சில வீடுகள் தள்ளி, ஹாலோவீன் தோரணம் கட்டியிருந்த இன்னொரு வீட்டு அழைப்புமணியை அழுத்தினார்கள். கதவைத் திறந்த பெண்மணி பயந்துபோய்ச் சாத்தினார். கணவரைத் துப்பாக்கி எடுத்துவரச் சொன்னார்.

கார் நிறுத்துமிடக் கதவு மறுபடி திறந்தது. யோஷிஹிரோ சந்தோஷமாக அடியெடுத்து வைத்தான். விருந்துக்கு வந்திருப்பதாகச் சொன்னான். வீட்டுக்காரர் துப்பாக்கியை நீட்டிக் கத்தினார். “ஃப்ரீஸ்!”

பாடப்புத்தகத்தில் அந்த வார்த்தைக்கு அர்த்தம், உறைந்துபோவது. தண்ணீர் பனிக்கட்டி ஆவது. ‘அசையாதே, அசைந்தால் சுடுவேன்’ என்ற அர்த்தத்தை எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. ‘ப்ளீஸ்’ என்று காதில் விழுந்திருக்கலாம் என்றார்கள் சிலர். வேஷத்தின் ஒரு பகுதி, விளையாட்டு என்று நினைத்திருக்கலாம் என்றார்கள் வேறு சிலர். அவன் நிற்கவில்லை. கையில் இருந்தது ஒரு கேமரா. நெஞ்சில் ஒரே ஒரு குண்டு.

சுட்டவர் 1993 மே மாதம் விடுதலை ஆனார். ஜூரிகள் யோசித்தது மூன்று மணி நேரம் சொச்சம். அடுத்த வருஷம் சிவில் கோர்ட்டுதான் அவரைப் பொறுப்பாக்கி, 6.5 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. ஜப்பான் கொதித்தது. அந்த ஒரு வார்த்தையைப் பற்றி நாடு முழுக்க விவாதம். இத்தனை வருஷம் என்ன இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தோம்?

அந்தப் பையனின் அப்பாவும் அம்மாவும் செய்ததைத்தான் நாம் முக்கியமாகக் கேட்கவேண்டும். அமெரிக்க வீடுகளில் துப்பாக்கி வேண்டாம் என்று ஜப்பானில் 17 லட்சம் கையெழுத்து வாங்கினார்கள். 1993 நவம்பரில் அதிபர் கிளின்டனைச் சந்தித்தார்கள். அதே மாதக் கடைசியில், துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கும் பிராடி சட்டம் கையெழுத்தானது. மகன் பெயரில் ஒரு நிதி தொடங்கினார்கள். எதற்கு? அமெரிக்க மாணவர்களை ஜப்பானுக்கு வரவழைத்துப் படிக்கவைக்க! ‘துப்பாக்கி இல்லாத வீட்டில் வாழ்ந்து பார்க்கட்டும்’ என்று. மகனைக் கொன்ற நாட்டின் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

இதைக் கோவை வாசகர்களுக்கு ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்? காரணம் இருக்கிறது.

திருப்பூர் பனியன் கம்பெனியில் ‘ஜூக்கி’ என்றால் தெரியாதவர் உண்டா? அந்தத் தையல் மெஷின் ஜப்பானியப் பெயர்தான். இதுவரைக்கும் அங்கிருந்து மெஷின்தான் வந்தது. இனி இங்கிருந்து ஆள் போகிறது. முதியவர்கள் பெருகி, வேலைக்கு ஆளில்லாமல் தவிக்கும் ஜப்பான், 2017-ல் தொழில் பயிற்சிக்காகவும் 2021-ல் திறன் பெற்ற தொழிலாளர்களுக்காகவும் இந்தியாவோடு ஒப்பந்தம் போட்டது. இன்ஜினீயரிங், நர்ஸிங் முடித்த பிள்ளைகள் ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போகிறார்கள். ‘என்-5 முடிச்சாச்சுங்க, என்-4 எழுதறேன்’ என்கிறார்கள். பரீட்சையில் பாஸாகிவிடுவார்கள், சந்தேகமில்லை. ஆனால், ‘ஃப்ரீஸ்’ மாதிரி வார்த்தைகள் பரீட்சைக்கு வராது. ஜப்பானில் துப்பாக்கி பயம் அநேகமாக இல்லை. பூகம்பம் உண்டு. ‘மேட்டுக்கு ஓடு’ என்று ஒலிபெருக்கி அலறும்போது அகராதியைப் புரட்ட நேரம் இருக்காது. அதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்களோடு பண்டிகையில் நின்று, அவர்கள் கதையைக் கேட்டு, பேசிப் பழகித்தான் கற்கமுடியும். ஹெர்ன் கற்ற மாதிரி.

பண்டிகை என்றால் வெறும் கூட்டமும் அல்ல. டோக்கியோவின் ஷிபுயாவில் ஹாலோவீன் கூத்து தாங்காமல், ‘தயவுசெய்து வராதீர்கள்’ என்று 2023-ல் மேயரே கெஞ்சினார். அடுத்த வருஷம் ராத்திரியில் தெருவில் குடிக்க வருஷம் முழுக்கத் தடை. தென்கொரியாவின் சியோல் நகரத்தில் 2022 அக்டோபர் 29 ராத்திரி, இட்டேவோன் சந்து ஒன்றில் நெரிசலில் 159 பேர் செத்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். கதவும் இல்லை, கதவைத் திறக்கும் ஆளும் இல்லை. வேஷம் மட்டும் இருந்தது.

ஆகவே ஹாலோவீன் வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. மிட்டாய்க்காகக் கதவு தட்டும் குழந்தையை யார் வேண்டாம் என்பார்கள்? ஒரு யோசனை மட்டும்.

ஆடி 1-ம் தேதி ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் பக்கம் போய்ப் பாருங்கள். தேங்காய் சுடும் பண்டிகை! நார் உரித்து, ஓட்டைத் தரையில் தேய்த்து வழுவழுப்பாக்கி, ஒரு கண்ணைத் திறப்பார்கள். கொஞ்சம் தண்ணீரை வடித்துவிட்டு, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, எள், அவல், வெல்லம் எல்லாம் உள்ளே போகும். சீவிய அழிஞ்சிக் குச்சியைச் செருகி, மஞ்சள் பூசி, வாசலில் தீ மூட்டிச் சுடுவார்கள். தெருவே வாசம்! பாரதப் போர் தொடங்கிய நாள் அது என்று பாட்டிமார் கதை சொல்வார்கள். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு, உடைத்து, அக்கம்பக்கத்துக்கும் கொடுத்துத் தின்பார்கள். தை மாதமானால் பெண் பிள்ளைகள் கூடிப்போகும் பூப்பறிக்கும் நோன்பு.

தீ, குச்சி, கதை, தின்பண்டம், அடுத்த வீட்டுக் கதவு. இங்கிலீஷ் கிளாஸுக்கு இதைவிட என்ன வேண்டும்? ‘நாங்கள் தேங்காய்க்குள் வெல்லம் போட்டுச் சுடுவோம்’ என்று ஒரு குழந்தை இங்கிலீஷில் சொல்லட்டும். அதற்குத் தேவைப்படும் வார்த்தைகள், ‘ட்ரிக் ஆர் ட்ரீட்’டைவிட ஏழெட்டு மடங்கு இருக்கும். நாளைக்கு நகோயாவிலோ ஒசாகாவிலோ ஒரு ஜப்பானியப் பாட்டி ‘உங்கள் ஊரில் என்ன பண்டிகை?’ என்று கேட்டால், பதில் சொல்ல ஒரு கதையும் கையில் இருக்கும்.

அக்டோபரில் உங்கள் பேரப்பிள்ளை கூம்புத் தொப்பியோடு வந்து கதவைத் தட்டினால், மிட்டாயைக் கொடுங்கள். அப்புறம் பக்கத்தில் உட்காரவைத்து, விளக்கைக் கொஞ்சம் சின்னதாக்கிவிட்டு, உங்கள் அப்பாரு சொன்ன முனி கதையைச் சொல்லுங்கள். புத்தகத்தைப் பார்த்து அல்ல. உங்கள் வார்த்தையில்.